குளிரறைக்குள் காலாவதியான பாஸ்வேர்டு

இந்தக் கட்டுரையை இரண்டாவது முறையாக எழுதுகிறேன். முதல் முறை எழுதியதை உங்கள் இணையப் பக்கம் விழுங்கிவிட்டது.

நம் கம்பெனியின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இதைக் குறையாகச் சொல்லவில்லை. “சார், புதுசா வர்றவங்களுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்று உங்கள் பிரிவிலிருந்து கேட்டு, எழுத வேண்டிய பக்கத்தின் இணைப்பையும் அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெற்றவனிடம் போய் அனுபவத்தைக் கேட்டால் விடுவானா? காபி குடித்த கையோடு கடம்பத்தூர் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் மடமடவென்று தட்டினேன். நடுவில் எழுந்து போய் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்து ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தியபோது, “பாதுகாப்புக் காரணங்களுக்காக உங்கள் நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் உள்நுழையவும்” என்று வந்தது. உள்நுழைந்தேன். பெட்டி துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது.

அப்போது என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாரைத் திட்டிண்டிருக்கேள்?”

“என்னைத்தான்” என்றேன்.

உண்மை அதுதான். பக்கத்துக்குப் புதிய சட்டை போட்டிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடுவது நான் அந்தக் காலத்தில் எழுதிய மென்பொருள். “பாதுகாப்புக் காரணங்களுக்காக” என்ற அந்த வாக்கியத்தை ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து எழுதியவன் நான். கண்ணியமாக இருக்கிறது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. என்ன பாதுகாப்பு, யாரிடமிருந்து யாருக்கு என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு நான் வெறும் உபயோகிப்பவனாகிவிட்டேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் என் போன்ற ஒருவன் எனக்கு முன்னால் வந்து குழி தோண்டி வைத்திருக்கிறான். மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பட்டியல் அரியலூரில் ஆரம்பிக்கும். நம் திருவள்ளூர் எங்கோ அடியில் கிடக்கும். உருட்டி உருட்டி அங்கே போய்ச் சேர்ந்து, விரலை எடுக்கும்போது லேசாக அசைந்துவிட்டால் போச்சு. நான் எத்தனையோ முறை விழுப்புரத்துக்காரனாக ஆகியிருக்கிறேன். ஒருமுறை ஒரு மிக்ஸி விழுப்புரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டுப் போட்டால் “தவறான எண்” என்று முகத்திலடித்தாற்போல் சொல்வார்கள். இடைவெளியை எடுக்கவேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் பார்த்துக் கோபப்படும்போது, பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஏனென்றால் இவை எல்லாவற்றையும் நான் பிறருக்குச் செய்திருக்கிறேன். அதில் ஒன்றைத்தான் காலையில் எழுதினேன். இப்போது மறுபடியும் எழுதுகிறேன்.

நம் தொழிற்சாலையில் இறால் உறைய வைத்து ஏற்றுமதி செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது. எங்களுடையது திருவள்ளூரில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். வேலை கிடைத்தபோது, “கும்மிடிப்பூண்டியில் குளிர்பதனக் கம்பெனி” என்று சொன்னேன். எதைக் குளிர வைக்கிறார்கள் என்று என் அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆகவே, தேவையான தகவலைக் கொடுக்காமல் விடுவதில் எனக்குப் பழக்கம் வெகுநாளாகவே உண்டு.

கணினிப் பிரிவுக்கு நான் தலைவனான பிறகு, வெளிநாட்டு வாங்குவோர் ஒரு நிபந்தனை போட்டார்கள். குளிரறைக் கதவு எப்போது திறக்கிறது, யார் திறக்கிறார்கள் என்பதற்குப் பதிவு வேண்டும் என்றார்கள். எனக்கு வெல்லம் தின்றாற்போல் இருந்தது. கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாகத் தொடுதிரை வைத்தேன். பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் கதவு திறக்கும். மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பழையதன் சாயல் இருக்கக் கூடாது. ஐந்து முறை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் அவர் பெயருக்குத் தானாகவே ஒரு மெமோ அச்சாகும். ஆண்டுக்குள் மூன்று மெமோ வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மூன்று மெமோ விதி கம்பெனியினுடையது. ஆனால் அதை இயந்திரத்திடம் ஒப்படைத்த புண்ணியவான் நான்தான். “மனிதத் தலையீடு சிறிதும் இல்லை” என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் பெருமையாகப் படம் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள்.

பேக்கிங் பிரிவில் ஒருவர் தன் பாஸ்வேர்டைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில், அன்றைய தாளிலேயே எழுதி வைத்தார். மறுநாள் காலை யாரோ வழக்கம்போலத் தாளைக் கிழித்து, அதில் பிரசாதம் மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்வேர்டைத் தேடி அவர் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம் வரை ஓடினார். நாங்கள் கணினிப் பிரிவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் பாஸ்வேர்டு என் விசைப்பலகைக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. அதை ‘பாதுகாப்பான இடம்’ என்று சொல்லிக்கொள்வேன்.

சின்ன விஷயம் ஒன்றை நான் யோசிக்கவில்லை. குளிரறைக்குள் வேலை செய்பவர்கள் கையில் தடிமனான உறை போட்டிருப்பார்கள். என் தொடுதிரைக்கு வெறும் விரல் வேண்டும். உறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். மரத்த விரல் ஒரு எழுத்தைத் தொடப்போய்ப் பக்கத்து எழுத்தைத் தொடும். அதனால் எல்லோரும் உட்பக்கம் கதவிலேயே இருந்த குமிழைத் தள்ளி வெளியே வந்தார்கள். அந்தக் குமிழ் கதவோடு வந்தது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் தள்ளித் திறப்பதற்காகவே வைத்தது. தள்ளினால் கதவு திறக்கும், ஆனால் என் பதிவில் எதுவும் ஏறாது. என் அறிக்கையில் ஆட்கள் உள்ளே போனார்கள், வெளியே வரவேயில்லை. ஆகவே குமிழுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டுச் சீல் வைக்கச் சொன்னேன். சீலை உடைத்தால் சைரன் அலறும். காரணம் பதிவு செய்தால்தான் சைரன் நிற்கும். உடைத்தவருக்கு ஒரு மெமோ. இதையும் படம் போட்டுக் காட்டினேன். இதற்கும் கை தட்டினார்கள்.

இரண்டாம் குளிரறைக்குப் பொறுப்பாளர் தேசம்மா. பொன்னேரிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவார். அவர்களுக்குச் சொந்தமாக நெல் வயல் இருந்தது, கணவர் பார்த்துக்கொண்டார். “நெல்லு சோத்துக்கு ஆவும் சார், பொண்ணு நர்சிங் பீசுக்கு ஆவாது” என்பார். மகளின் படிப்பு முழுக்க அவருடைய சம்பளத்தில் ஓடியது. உரத்த குரல். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தப்பாக ஏற்றிய பெட்டிக்கு லாரிக்காரரிடம் அவர் போடும் சத்தம் என் அறை வரைக்கும் கேட்கும்.

அவருக்கு இரண்டு மெமோ வந்திருந்தது. இரண்டும் தப்பான பாஸ்வேர்டுக்காக. இரண்டாவது வந்த அன்று தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்துவிட்டார்.

“இன்னா சார் இது? நான் கரீட்டாத்தான் போட்றேன். அது தப்பு தப்புன்னு சொல்லிக்கினே கீது. இன்னொன்னு வந்தா என்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க தெரியுமா?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சி போதவில்லை என்று முடிவு செய்தேன். ஏசி போட்ட வகுப்பறையில், மேசை மேல் ஒரு தொடுதிரையை வைத்து, தேசம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு பயிற்சி நடத்தினேன். யார் கையிலும் உறை இல்லை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சரியாகப் போட்டார்கள். தேசம்மாதான் எல்லோரையும்விட வேகமாகப் போட்டார். அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நன்றிப் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வாங்குவோரின் ஆடிட்டர்கள் மத்தியானம் வருவதாக இருந்தது. அவர்களுக்கு அழகாகக் காட்டவேண்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் திரையின் தோற்றத்தை மாற்றியிருந்தேன். வலது கீழ் மூலையில் இருந்த ‘திற’ என்பதை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோயிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். புதிதாக இருக்கட்டும் என்றுதான். ஆடிட்டர்கள் வருமுன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் இரண்டாம் குளிரறைக்குப் போனேன்.

அதுவரை நான் குளிரறைக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது. அதன் திரையை வடிவமைத்தவன், அதன் கதவுக்குச் சட்டம் போட்டவன், அதற்குள் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன், உள்ளே போனதில்லை. தேசம்மா சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“உள்ள வரணுமா சார்? கோட்டு போட்டுக்கோ.”

“ரெண்டு நிமிஷ வேலைதாம்மா.”

அரைக்கைச் சட்டை, கழுத்தில் டை. ஆடிட்டர்களுக்காகக் கட்டியது. தேசம்மா தன் கணக்கில் கதவைத் திறந்து கூட வந்தார். கதவு எங்கள் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டது. அந்தக் கதவு மூடும் விதம் எனக்குப் பிடித்திருந்தது.

திரை பளபளவென்று இருந்தது. பெருமையாகப் பார்த்தேன். அதற்குள் மூக்கு நுனி எரிய ஆரம்பித்துவிட்டது. “சரி, போலாம்” என்றேன். தேசம்மா உறையைக் கழற்றிவிட்டுப் பெயரைப் போட்டார், பாஸ்வேர்டைப் போட்டார், பழக்கத்தில் வலது கீழ் மூலையைத் தொட்டார். அங்கே இப்போது ‘அழி’ இருந்தது. எல்லாம் போயிற்று. மறுபடியும் போட்டார், விரல் பிசகியது. “நீங்க அவசரப்படுறீங்க” என்றேன். நான் அப்படிச் சொன்னதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் சில முறை முயன்றதும் கணக்கு பூட்டிக்கொண்டது.

தேசம்மா திரையையே பார்த்தபடி நின்றார். “மூணாவது” என்றார். சத்தமே இல்லாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

“கவலைப்படாதீங்க, என் கணக்குல திறக்கறேன்” என்று சொல்லி என் பெயரைப் போட்டேன். திரை பணிவோடு சொன்னது: “உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. புதிய பாஸ்வேர்டை உருவாக்கவும்.”

போட்டேன். “ஒரு பெரிய எழுத்தாவது இருக்க வேண்டும்.” மறுபடியும் போட்டேன். “ஒரு குறியீடாவது இருக்க வேண்டும்.” இந்த இரண்டையும் ஒரே தடவையில் சொல்லியிருக்கலாமே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. குறியீடுகள் அடுத்த பக்கத்தில் இருந்தன. அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் கடுகளவு இருந்தது. என் விரலுக்குள் உயிர் இருப்பதாகவே தெரியவில்லை. கடைசியில் குனிந்து மூக்கால் தொட்டேன். மூக்குக்கு இன்னும் கொஞ்சம் சூடு பாக்கி இருந்தது, திரை அதை ஏற்றுக்கொண்டது. கழுத்தில் டை தொங்க, திரையை மோந்து மோந்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். “இது உங்கள் பழைய பாஸ்வேர்டைப் போல் இருக்கிறது” என்றது. வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “பாதுகாப்புக் காரணங்களுக்காக உங்கள் நேரம் முடிந்துவிட்டது” என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தது.

கதவைத் தட்டினோம். அவ்வளவு தடிமனான கதவில் தட்டுவது எங்களுக்கே கேட்கவில்லை. மேலே காற்றாடிகளின் இரைச்சல் வேறு. எல்லோரும் கேன்டீனில் இருந்தார்கள். செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதுவும் என் யோசனைதான்.

எனக்குப் பல் கிட்டியது. தேசம்மா தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் மனமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். அப்புறம்தான் அவர் புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தேன். கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

குமிழ் எங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. மூடிக்குள் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. மேலே என் கையெழுத்தோடு ஒரு தாள்: “சீலை உடைப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.”

“உடைங்கம்மா” என்றேன்.

“நான் மாட்டேன் சார். பூட்டிக்கினதுக்காவது நீ எடுத்துச் சொல்லலாம். சீல நான் தொட்டா எம்பேருக்குத்தான் மெமோ வரும்.”

“உயிர் போயிடும் போல இருக்கு, மெமோவைப் பத்திப் பேசறீங்களே!”

“உனக்கு இன்னா சார் தெரியும்? வேல போனா பொண்ண யாரு படிக்க வெப்பா? இங்க இன்னும் கொஞ்ச நேரம் நின்னா யாராவது வருவாங்க. மெமோ வந்துட்சின்னா யாரும் வர மாட்டாங்க.”

நான் செய்த ஒரு தாளுக்குப் பயந்து, ஒரு மனுஷி உறைந்து போகத் தயாராக நிற்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட அவமானம் குளிரைவிட மோசமாக இருந்தது. சரி, உடனே பாய்ந்து சீலை உடைத்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஆடிட்டர்கள் வரும் நேரம், சைரன் அலறினால் என் மானம் போகும் என்று நானும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இன்னொரு தடவை திரையை மோந்து பார்த்தேன். “ஒரு எண்ணாவது இருக்க வேண்டும்” என்றது. அதற்குப் பிறகுதான் ஷூவைக் கழற்றி அந்த மூடியில் ஓங்கி அடித்தேன்.

சைரன் அலறியது. குமிழைத் தள்ளினேன். கதவு திறந்தது.

வெளியே வந்ததும் சூட்டில் என் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. எதிரில் ஒரு உயரமான உருவம் தெரிந்தது. ஆடிட்டர் என்று நினைத்து, “வெல்கம்” என்று கை நீட்டினேன். அது வாட்ச்மேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னா சார், ஐஸ் மாரி கீது” என்று பதறிப்போய் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்.

சைரன் கேட்டால் எல்லோரும் முன்வாசல் மைதானத்தில் கூடவேண்டும் என்பது விதி. கேன்டீனிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து எச்சில் கையோடு வெயிலில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஆடிட்டர்களின் கார் உள்ளே வந்தது. பிளான்ட் மேனேஜர் என்னிடம் ஓடி வந்தார்.

“சீக்கிரம் காரணத்தைப் பதிவு பண்ணி சைரனை நிறுத்துங்க சார். அவங்க வந்தாச்சு!”

என் அறைக்கு ஓடினோம். தேசம்மாவும் பின்னாலேயே வந்து கதவருகே நின்றார். கணினியைத் திறந்தேன். சம்பவப் பதிவில் ‘காரணம்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் சைரன் நிற்கும். பட்டியலை விரித்தேன். ஆபரேட்டர் கவனக்குறைவு. ஆபரேட்டர் பயிற்சிக் குறைவு. ஆபரேட்டர் விதிமீறல். ஆபரேட்டர், மற்றவை. அவ்வளவுதான்.

வேறு ஒன்றுமே இல்லை. அந்தத் தொழிற்சாலையில் எது நடந்தாலும் ஆபரேட்டரைத் தவிர வேறு யாரும் காரணமாக இருக்கவே முடியாதபடி ஒரு பட்டியலை நான் செய்து வைத்திருந்தேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பட்டியல் சின்னதாக இருந்தால் உபயோகிக்கச் சுலபம் என்றுதான். முதல் வரியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தேன். ‘சரி’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும்.

“முதல்ல இருக்கறதைப் போடுங்க சார், முடிஞ்சுது” என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் அல்ல. ஆடிட்டர்கள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சைரன் மண்டையைப் பிளந்தது. என் கை தட்டப் போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

தேசம்மா தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

“போடு சார்” என்றார். “போட்டு சைரன நிறுத்து. ஜனங்க வெயில்ல நின்னுக்கினு கீது. எப்டியும் மூணாவது வந்துட்சு.”

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஒருவேளை போட்டிருப்பேனோ என்னவோ. போட முடியவில்லை. “ஒரு நிமிஷம்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் பட்டியலைத் திருத்தும் பக்கத்துக்குப் போனேன். அது என்ன கேட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? “உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது” என்றது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். புதிய பாஸ்வேர்டைப் போட்டேன். அதில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியீடும் என்னைப் பற்றிய ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தன. ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது.

பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘மென்பொருள் எழுதியவர் தவறு.’ அதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே, “பொறுப்பான நபர்” என்று கேட்டு, தேசம்மாவின் எண்ணைத் தானே போட்டுக் காட்டியது. அதை அழித்துவிட்டு என் எண்ணைப் போட்டேன். சற்று முன் அவர் கணக்கு பூட்டிக்கொண்டதற்கும் அதே காரணத்தைப் போட்டு, அவருடைய மெமோவை ரத்து செய்தேன். ‘சரி’ என்று தட்டினேன்.

சைரன் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த அமைதியில் மூலையிலிருந்த பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது.

மெமோ. என் பெயருக்கு. “தங்கள் செயல் குறித்து உடனடியாக எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்” என்று போட்டிருந்தது. கீழே கையெழுத்து: தலைவர், கணினிப் பிரிவு. அதுவும் நான்தான். விளக்கம் கேட்டவனும் நான், கொடுக்க வேண்டியவனும் நான். மேனேஜர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆடிட்டர்களை வரவேற்கப் போய்விட்டார்.

ஆடிட்டர்கள் விடவில்லை. அவசரக் குமிழை ஏன் மூடி வைத்தீர்கள் என்று கேட்டார்கள். கம்பெனிக்கு நல்ல குட்டு விழுந்தது. மேனேஜர் கொஞ்ச காலம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று சாயங்காலமே எல்லாக் குளிரறைகளிலும் மூடிகளைக் கழற்றினோம். பிறகு கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும்படி மாற்றினேன். உறையோடு காட்டலாம். மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் கோட்டும் உறையும் போட்டுக்கொண்டு இரண்டாம் குளிரறைக்குள் வேலை செய்தேன். தேசம்மா என்னையும் லாரிக்காரரைத் திட்டுவது மாதிரியே திட்டினார். தானாக மெமோ அச்சாவதை நிறுத்த அனுமதி வாங்குவதற்குத்தான் வருஷக் கணக்கில் ஆகிவிட்டது.

பட்டியலில் நான் சேர்த்த வரி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஆட்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தாலும் அதுதான், கரண்ட் போனாலும் அதுதான். ஒருமுறை கேன்டீனில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்பதற்கும் அதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கு மெமோ வந்தது. முதலில் எரிச்சல் வந்தது. பிறகு ஒவ்வொன்றையும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். சாம்பார் ஒன்றைத் தவிர, பெரும்பாலும் அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது.

அன்றைய தினத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வேன் கிளம்பும் நேரத்தில் தேசம்மா என் அறைக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துப் பரவாயில்லை என்று சொல்வதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் என் மேசை மேலிருந்த மெமோவை எடுத்துப் பார்த்தார். அதற்கு நான் இன்னும் விளக்கம் எழுதாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு இதான் மொதலா சார்?”

“ஆமாம்மா.”

மேசையில் வைத்தார். “ஒன்னுக்குல்லாம் பயப்படாத சார். மூணு வந்தாத்தான் பேஜாரு” என்று சொல்லிவிட்டு வேனைப் பிடிக்க ஓடினார்.

அவர் மகள் இப்போது நர்சாக இருக்கிறாள். தேசம்மா இன்னும் இரண்டாம் குளிரறையில்தான் இருக்கிறார். நீங்கள் அவர் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள்.

இப்போது காலைக்கு வருகிறேன். உங்கள் பக்கம் என் கட்டுரையை விழுங்கிய பிறகு, கீழே சின்னதாக ஒரு கேள்வி வந்தது: “சிக்கல் ஏற்பட்டதா? காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.” பட்டியலை விரித்தேன். எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் கடைசி வரியை யாரும் அழிக்கவில்லை. உங்கள் யாரையும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் ‘மென்பொருள் எழுதியவர் தவறு’ என்ற அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அதையே தேர்ந்தெடுத்து, ‘சரி’ என்று தட்டினேன்.

ஆகவே இந்நேரம் உங்களில் யாருக்கோ ஒரு அறிவிப்பு வந்திருக்கும். யாரோ ஒரு கிழவர் கடம்பத்தூரிலிருந்து நம் மேல் பழி போடுகிறாரே என்று முகம் வாடியிருக்கும். வாட வேண்டாம். அந்த வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள். மற்றபடி, ஒன்னுக்குல்லாம் பயப்படாதீங்க. மூணு வந்தாத்தான் பேஜாரு.